முதலில் தகடு, அப்புறம்தான் வண்டி

நான் லெகோவில் கட்டிய ஸ்னோப்ளோவை, அதாவது முன்னால் தகடு வைத்துச் சாலைப் பனியை ஓரமாகத் தள்ளும் வண்டியை, அக்கா பையன் இரண்டு கையாலும் பிடித்து மேசைமேல் மெதுவாகத் தள்ளினான். முன்னால் இரண்டு கை நிறைய வெள்ளைத் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தேன், ஒரு ஸ்டட் (லெகோத் துண்டின் மேலிருக்கும் குமிழ்) அளவுள்ள வட்டமான பிளேட்கள், அதாவது மெல்லிய தட்டைத் துண்டுகள், லெகோ கட்டுகிறவர் வீட்டில் இவை நூற்றுக்கணக்கில் கிடக்கும், அதுதான் எங்கள் பனி. வண்டி நகர்ந்தது, பனியும் கூடவே நகர்ந்தது. மேசை விளிம்புவரை போய் நின்றதும் பார்த்தால் அத்தனையும் தகட்டுக்கு முன்னாலேயே குவிந்து நிற்கிறது, மிச்சம் தகட்டைத் தாண்டி பானெட் மேல் விழுந்திருக்கிறது.

"மாமா, இது ஓரமாத் தள்ளவே மாட்டேங்குது. சும்மா கூட்டிக்கிட்டே போகுது" என்றான்.

அவன் சொன்னது சரி. அந்த வண்டியின் கேபினுக்கு மட்டும் நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும், உள்ளே ஸ்டியரிங் உண்டு, ஏறுவதற்குப் படி உண்டு, கூரைமேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் துண்டில் செய்த எச்சரிக்கை விளக்கு உண்டு. முன்னாலிருந்த தகட்டைக் கட்டியது ஒரே ஒரு சாயங்காலத்தில். பன்னிரண்டு ஸ்டட் நீளத்துக்கு ஒரு நேர்ச்சுவர், வண்டிக்குக் குறுக்கே, அவ்வளவுதான். ஸ்னோப்ளோ கட்ட ஆசைப்படுகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் தொடங்குகிறோம், ஏனென்றால் லாரி கட்டுவது நமக்குப் பழக்கம், தகட்டைக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிடுகிறோம். அன்று ராத்திரியே முன்பகுதியை மொத்தமாகப் பிரித்துப்போட்டேன். அப்புறம் நாலைந்து மாதம் தகட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அந்தத் தகட்டைப் பற்றித்தான்.

ஆங்கிலத்தில் இதற்குக் கலப்பையின் பெயரையே வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. மண்ணைப் புரட்டிப்போடும் இரும்புக் கலப்பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொழு மண்ணை அறுக்கும், அதன் மேலே வளைந்து நிற்கும் தகடு அறுபட்ட மண்ணை ஏற்றிச் சுருட்டிப் பக்கவாட்டில் கவிழ்க்கும். பனித் தகட்டின் வேலையும் அதேதான். அடிவிளிம்பு சாலையைச் சுரண்டுகிறது. மேலே உள்ள வளைவு, எழும்பி வரும் பனியைத் தகட்டுக்கு மேலே பறந்து ஓட்டுநரின் கண்ணாடியில் விழவிடாமல் முன்பக்கமாகவே உருட்டிவிடுகிறது. தகடு சாய்ந்து நிற்பதால், உருளும் பனி பின்தங்கி நிற்கிற முனையைப் பார்த்து நகர்ந்துகொண்டே போய் ஓரத்தில் விழுகிறது. அப்படி விழுந்து சாலையோரத்தில் நீளமாகக் கிடக்கும் மேட்டுக்கு வரப்பு என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வரப்பு விழுந்தால்தான் அது ஸ்னோப்ளோ. என் நேர்ச்சுவர் செய்தது புல்டோசர் வேலை.

சரி, சாய்க்க வேண்டும், எவ்வளவு சாய்ப்பது? நிஜ வண்டிகளில் தகட்டை இடமோ வலமோ சுமார் 30, 35 டிகிரி திருப்புவார்கள். லெகோவில் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும் ஹிஞ்ச்கள், அதாவது கீல்கள், 22.5 டிகிரிப் படிகளில்தான் நகரும், அதனால் அதை நம்பினால் 22.5, அதை விட்டால் 45. இரண்டையும் மேசைமேல் ஓட்டிப் பார்த்தேன். 22.5-இல் துண்டுகள் தயங்கித் தயங்கி நகர்ந்து பாதி வழியிலேயே குவிய ஆரம்பித்தன. 45-இல் தடையில்லாமல் ஓடிப்போய் விழுந்தன, ஆனால் சுத்தமாகும் பாதை வண்டியைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருந்தது, நேராகத் தள்ளாவிட்டால் ஒரு பக்கச் சக்கரம் பனியில் ஏறிவிடும். டர்ன்டேபிள் என்ற சுழல்தட்டை வைத்தால் எந்தக் கோணமும் கிடைக்கும், ஆனால் பனியின் எடை ஒரு பக்கம் அழுத்தியதும் அதுவே திரும்பிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

விடை கிடைத்தது பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 முக்கோணத்தில். வரிசையாகத் துளைகள் உள்ள டெக்னிக் பீம்களை, துளைகளில் செருகும் பின்களால் இணைத்து அந்த முக்கோணத்தைக் கட்டி, 4 பக்கத்தை வண்டிக்குக் குறுக்காகவும் 3 பக்கத்தை வண்டியின் நீளவாக்கிலும் வைத்தால், 5 பக்கம் 36.87 டிகிரியில் நிற்கும், தகட்டை அதில் மாட்டிவிடலாம். நிஜத் தகட்டின் கோணத்துக்கு அது வெகு அருகில் இருக்கிறது. அசையவும் அசையாது, ஏனென்றால் முக்கோணம் முக்கோணம்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எண்ண வேண்டியது துளைகளை அல்ல, துளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை. அதாவது 4, 5, 6 துளைகள் வருகிற மாதிரிப் பின்களைச் செருக வேண்டும். நான் 3, 4, 5 துளைகளை எண்ணிச் செருகிவிட்டு, மூன்றாவது பின் ஏன் உட்காரவில்லை என்று ஒரு நாள் முழுக்க அதைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

இந்த முக்கோணத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 5 ஸ்டட் நீளத் தகடு, சாய்ந்து நிற்கும்போது 4 ஸ்டட் அகலத்தை மறைக்கும், எப்போதும் ஐந்தில் நான்கு. என் வண்டி 8 ஸ்டட் அகலம். ஒரு ஸ்டட் 8 மில்லிமீட்டர், ஆக 64 மில்லிமீட்டர். லெகோ மனிதனின் உயரம் 4 சென்டிமீட்டர், அவனை ஒரு சராசரி ஆளாக வைத்துக்கொண்டால் அளவு 1:42 சுமாருக்கு வரும், அந்தக் கணக்கில் வண்டி 2.7 மீட்டர் அகலம், நிஜ லாரியைவிடக் கொஞ்சம் பருமன்தான் என்றாலும் கண்ணை உறுத்தாது. இந்த 8 ஸ்டட்டை மறைக்கக் குறைந்தது 10 ஸ்டட் தகடு வேண்டும். ஆனால் சரியாக அதே அகலம் போதாது. சக்கரம் சுத்தமான தரையில்தான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளாமல் விட்ட பனியைத் தானே மிதித்து இறுக்கிவிடும், இறுகிய பனியைச் சுரண்டுவது இரட்டை வேலை. அதனால் 12 ஸ்டட் வைத்தேன். சாய்த்தால் 9.6 வருகிறது, பக்கத்துக்கு 0.8 ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிஜ ஸ்னோப்ளோவை மேலிருந்து எடுத்த படத்தையும் என் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த விகிதம் ஒத்துப்போகிறது.

வளைவுக்கு, நான் ஒதுக்கிவைத்த கிளிக் ஹிஞ்ச்களே கைகொடுத்தன. தகட்டை ஒரே சுவராகக் கட்டாமல் நீளநீளமான நான்கு பட்டைகளாகக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றை ஹிஞ்சால் இணைத்து, ஒவ்வொரு மூட்டையும் ஒரு படி முன்பக்கம் வளைத்தேன். மூன்று மூட்டு, மூன்று 22.5, ஆக 67.5 டிகிரி வளைவு. பட்டைகள் பக்கவாட்டில் படுத்திருக்கும், அவற்றின் முகத்தில் ஸ்டட் இல்லாத டைல்கள். இது அழகுக்காக அல்ல, ஸ்டட் வெளியே தெரிந்தால் ஒவ்வொன்றிலும் துண்டுகள் தட்டி நின்றுவிடும். பிளேட்டைப் படுக்க வைத்துக் கட்டுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு இங்கேயும் வேண்டியிருந்தது: ஒரு பிளேட் 3.2 மில்லிமீட்டர், ஐந்து பிளேட் அடுக்கினால் 16, அது சரியாக இரண்டு ஸ்டட். இந்த ஒரு சமன்பாடு தெரிந்துவிட்டால் எந்தத் திசையில் திரும்பிக் கட்டினாலும் மூட்டுகள் பொருந்தும்.

ஒரே பக்கம் தள்ளும் தகடுகளில் ஒரு முனை மற்றதைவிட உயரமாக இருக்கும். நெடுநாளாக அது வெறும் தோற்றத்துக்கு என்று நினைத்திருந்தேன். வெள்ளைத் துண்டுகளை ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நுழைகிற முனையில் பத்துத் துண்டு இருந்தால், வழியில் சேர்ந்து சேர்ந்து வெளியேறும் முனைக்கு வரும்போது முப்பது நாற்பது ஆகிவிடுகிறது, அங்கே உயரம் இல்லாவிட்டால் மேலே வழிந்துவிடும். மேல் பட்டையை ஆப்பு வடிவ பிளேட்களால் சரிவாக மாற்றிக் கட்டினேன், வழிவது நின்றது.

இனி அடிவிளிம்பு. எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நிஜச் சாலையில் பனிக்கு அடியில் என்னென்னவோ இருக்கும், சாக்கடை மூடி, பாலத்தின் இணைப்பு, உறைந்து கல்லாகிப்போன பனிக்கட்டி. ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. தகடு இறுக்கமாக இருந்தால் அந்த இடி நேராக வண்டியின் சட்டத்துக்குப் போகும், உள்ளே இருப்பவரையும் தூக்கிப்போடும். அதனால் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் இடித்ததும் முழுத் தகடும் முன்பக்கமாகக் கவிழ்ந்து தடையைத் தாண்டி மறுபடி நிமிரும். சிலவற்றில் அடிவிளிம்பு மட்டும் பின்னால் மடங்கும், மேல்பாகம் பனியைப் பிடித்தபடியே இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், கையிலிருக்கும் வேலையைக் கீழே போடாமல் தடையைத் தாண்டிப் போகிறது அல்லவா.

அதைக் கட்டுவதற்கு அடிப்பட்டையை மட்டும் கிளிக் ஹிஞ்சிலிருந்து கழற்றி, தாராளமாகச் சுழலும் சாதாரண ஹிஞ்சில் மாட்டினேன். பின்பக்கம் இரண்டு சின்ன ரப்பர் வளையங்கள், ஒரு முனை பட்டையில், மறுமுனை தகட்டின் முதுகில் உள்ள ஒரு பின்னில். வளையம் மிகச் சிறியதாக இருந்தால் பட்டை அசையவே இல்லை, பின்கள் கழன்றன. பெரியதாக இருந்தால் வெள்ளைத் துண்டுகளின் எடைக்கே பட்டை மடங்கிப் பனி அடியில் நுழைந்துவிட்டது. நடு அளவு வளையத்தை ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கி மாட்டியபோது சரியாக வந்தது. மேசைமேல் ஒரு டைலை ஒட்டிவைத்து ஓட்டினேன், 3.2 மில்லிமீட்டர் உயரம்தான், ஆனால் 42-ஆல் பெருக்கினால் 13 சென்டிமீட்டருக்கு மேல், நடைபாதையின் விளிம்புக் கல் அளவு. தகடு வந்து முட்டியது. அடிப்பட்டை சட்டென்று பின்னால் மடங்கியது, டைல்மேல் உரசிக்கொண்டு போனது, அந்தப் பக்கம் இறங்கியதும் டக் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு பழைய இடத்துக்கு வந்து நின்றது. மேலே உருண்டுகொண்டிருந்த துண்டுகளில் ஒன்றிரண்டுதான் பின்னால் சிதறின. அன்றைக்கு அதை இருபது முப்பது தடவையாவது ஓட்டியிருப்பேன்.

விளிம்பு தரையை உரசிக்கொண்டே இருந்தால் தேயும், அதனால் நிஜத் தகடுகளுக்கு அடியில் காலணி மாதிரி சறுக்குக் கட்டைகள் வைத்து உயரத்தைச் சரிசெய்வார்கள். லெகோவில் அடிப்பாகம் உருண்டையான 2x2 வட்டத் துண்டு ஒன்று உண்டு, படகுகளுக்கு அடியில் வைப்பது, முனைக்கு ஒன்றாக இரண்டு வைத்தால் அதே வேலையைச் செய்கிறது.

தூக்கி இறக்கும் பகுதிக்கு வருகிறேன். தகட்டை வண்டியோடு இணைக்க முதலில் ஒற்றைக் கை வைத்தேன். தூக்கியதும் தகடு வானத்தைப் பார்த்தது. நிஜ வண்டியில் அப்படி ஆகாது. மேலும் கீழுமாக ஒரே நீளமுள்ள இணைக்கைகள் வைத்து அவற்றின் நான்கு மூட்டுகளும் இணைகரமாக நிற்கும்படி செய்தால், எவ்வளவு தூக்கினாலும் தகடு நிமிர்ந்தபடியே மேலே போகும். இந்த மூட்டுகளுக்கு உராய்வு இல்லாத பின்கள்தான் வேண்டும், உராய்வுள்ள பின் ஒன்று கலந்துவிட்டாலும் இறக்கும்போது ஒரு பக்கம் தொங்கும். தூக்குவதற்குத் திருகாணி மாதிரி இருக்கும் வார்ம் கியரும் 24 பல் கியரும். வார்ம் 24 சுற்று சுற்றினால் கியர் ஒரு சுற்று சுற்றும், என் கைகள் நகர வேண்டியது 30 டிகிரி, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆக கேபினுக்குப் பின்னால் இருக்கும் குமிழை இரண்டு சுற்றுச் சுற்றினால் தகடு முழுக்க மேலே வந்துவிடும். கையை எடுத்தாலும் இறங்காது, ஏனென்றால் வார்ம் கியரைப் பல் கியரால் திருப்பிச் சுற்ற முடியாது. மோட்டார் வைக்கவில்லையா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், நிறையப் பேர் அழகாக வைக்கிறார்கள், எனக்கு அந்த இரண்டு சுற்றைக் கையால் சுற்றத்தான் பிடித்திருக்கிறது.

இவ்வளவையும் முன்னால் தொங்கவிட்டதும் வண்டி மூக்கை ஊன்றிக்கொண்டது, தகட்டைத் தூக்கினால் பின்சக்கரம் மேசையை விட்டு எழும்பியது. நிஜ வண்டிக்கும் இதே பிரச்சினை உண்டு, அதற்கு அவர்களிடம் இருக்கும் பதில் பின்னாலிருக்கும் உப்புத் தொட்டி. அதிலுள்ள உப்பும் மணலும் சாலையில் தூவுவதற்கு மட்டுமல்ல, பின்சக்கரங்களை அழுத்திப் பிடிமானம் கொடுப்பதும் அந்த எடைதான். நானும் தொட்டியின் அடியில், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், படகுக்கும் கிரேனுக்கும் வைக்கும் எடைக் கல்லை ஒளித்துவைத்தேன். மேலே வெள்ளைத் துண்டுகள், இந்தத் தடவை உப்பாக. (உப்பைப் பற்றி ஒன்று: அதைத் தண்ணீரில் 23.3 சதவீதம் கரைத்தால் அந்தக் கரைசல் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ்வரை உறையாமல் தாங்கும். சாதாரண உப்பால் அதற்குக் கீழே போக முடியாது. அதனால்தான் ரொம்பக் குளிரான இடங்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு எல்லாம் கலக்கிறார்கள்.) தொட்டிக்கு அடியில் தூவுகிற தட்டு பின் ஆக்ஸிலோடு கியரால் இணைந்திருக்கிறது, வண்டி நகர்ந்தால் சுற்றும், நின்றால் நிற்கும். வேகத்துக்கு ஏற்ற மாதிரி உப்பு விழ வேண்டும் என்பது நிஜத்திலும் முக்கியம், நின்ற இடத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தால் வீண்.

சின்ன விஷயங்களில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கும் மாடல்களில் இவைதான் அடிக்கடி விடுபடுகின்றன. ஒன்று, தகட்டின் இரண்டு முனையிலும் நிற்கும் மெல்லிய குச்சிகள். பறக்கும் பனியில் தகட்டின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்குக் காட்டுவது அவைதான், ஆன்டெனாத் துண்டு போதும். இன்னொன்று, மேலே ஏற்றி வைத்த இரண்டாவது ஜோடி ஹெட்லைட். தகட்டைத் தூக்கியதும் பம்பரில் இருக்கும் விளக்கு அதற்குப் பின்னால் மறைந்துவிடும், அதனால் பானெட்டுக்கு மேலே தனியாக ஒரு ஜோடி வைப்பார்கள். இந்த இரண்டும் இருந்தால், பனியில் வண்டி ஓட்டிய யாராவது உங்கள் மாடலைப் பார்க்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

கணினியில் வரைந்து பார்த்துவிட்டுக் கட்டலாமே என்று கேட்டால், நானும் வரைவேன். லெகோ மாடல்களைக் கணினியில் வரைய ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கிய எல்ட்ராவும் (LDraw) அதன் வழியில் வந்த மென்பொருள்களும் இல்லாவிட்டால் இத்தனை பேர் இத்தனை நுணுக்கமாகக் கட்டியிருக்க மாட்டோம். வேண்டிய துண்டுகளை எண்ணுவதற்கும், நிறம் மாற்றிப் பார்ப்பதற்கும் அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திரையில் எடை கிடையாது. என் முதல் இணைக்கை திரையில் அருமையாக நின்றது, கையில் கட்டியதும் நாலு மில்லிமீட்டர் தொங்கியது. ரப்பர் வளையத்தின் இழுவையையும் அங்கே வரைய முடியாது. தகட்டை மேசைமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பனியைச் சுழற்றி வீசும் ரோட்டரி வகையைக் கட்டலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அதன் கதை எனக்கும் பிடிக்கும். ரயில் பாதைக்கான அந்த யோசனைக்கு 1869-இல் காப்புரிமை வாங்கியவர் டொராண்டோவில் பல் மருத்துவராக இருந்த ஜே. டபிள்யூ. எலியட். அவர் அதை முழு அளவில் கட்டவில்லை. பிறகு ஆரஞ்ச் ஜல் என்பவர் அந்த யோசனையை வளர்த்தெடுக்க, 1880-களில் லெஸ்லி சகோதரர்கள் அதைக் கட்டினார்கள். சாலைக்கான பனி வீசும் இயந்திரத்தை கியூபெக்கில் ஆர்தர் சிகார்ட் 1925-இல் செய்தார். லெகோவில் அந்தச் சுழலி பார்க்கப் பிரமாதமாக இருக்கும், துண்டுகள் அறை முழுக்கப் பறக்கும். ஆனாலும் என் மனசு இந்தச் சாதாரணத் தகட்டில்தான் இருக்கிறது. அதில் மோட்டார் இல்லை, சுழலும் பாகம் இல்லை. ஒரு சாய்வும் ஒரு வளைவும் மட்டும் சேர்ந்து பனியைத் தானே நடந்துபோய் ஓரத்தில் படுக்க வைக்கின்றன.

அக்கா பையன் போன மாதம் மறுபடி வந்தான். பனியை அவனே பரப்பினான், இந்தத் தடவை மேசை முழுக்க. தகட்டை இறக்கினான், இரண்டு சுற்று, எண்ணிக்கொண்டே. வண்டி போகப் போகத் துண்டுகள் தகட்டின் வளைவில் ஏறிப் புரண்டு வலது முனையைப் பார்த்து நடந்தன, ஒட்டிவைத்திருந்த டைலில் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் மறுபடி நடை. கடைசிவரை போய் நின்றதும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். மேசையின் நடுவில் பழுப்பு நிறப் பாதை, அதன் வலது ஓரம் நெடுக விரல் தடிமனுக்கு ஒரு வெள்ளை வரப்பு. அவன் குனிந்து மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து அந்த வரப்பை நீளவாக்கில் கொஞ்ச நேரம் பார்த்தான். "இந்தப் பக்கம் இன்னொரு சின்னத் தகடு வெச்சா அதையும் இன்னும் தள்ளிடலாம்ல?" என்றான்.

வைக்கலாம், நிஜ வண்டிகளில் அது இருக்கிறது, பக்கவாட்டில் இறக்கைபோல விரியும் தகடு. இப்போது மேசைமேல் அதன் கை மட்டும் கிடக்கிறது. ஏழு துளை பீம் வைத்தால் மடக்கும்போது கதவில் இடிக்கிறது, ஒன்பது வைத்தால் பின்சக்கரத்தில் இடிக்கிறது. கதவைச் சின்னதாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.